இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இன்டர்ன்ஷிப்புக்கு ரெஸ்யூம் தேத்தறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்னா கம்பெனிய வாங்கறது, விக்கறது, பணம் திரட்டறது இதுக்கெல்லாம் ஆலோசனை சொல்ற வேலை. காலேஜ் பசங்க இந்த விஷயத்துல திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள ஒரே இடத்துல போட்டிருக்கேன். ரெஸ்யூம் இங்கிலீஷ்ல தான் எழுதப் போறீங்க, உதாரணங்கள மட்டும் புரியறதுக்காக தமிழ்ல குடுத்திருக்கேன்.

என் ரெஸ்யூம படிக்கறது யாரு? மெஷினா, மனுஷனா?

ரெண்டும் தான், ஆனா முடிவு பண்றது பெரும்பாலும் மனுஷன். பெரிய பேங்க்ல ஆன்லைன் ஃபார்ம்ல நீங்க போடற மார்க், டிகிரி முடியற வருஷம், அந்த நாட்டுல வேலை பாக்க பர்மிட் இருக்கா இல்லையா, இதெல்லாம் வெச்சு முதல்ல ஒரு ரவுண்டு வடிகட்டிடுவாங்க. மிச்சம் இருக்கறது ஹெச்ஆர் கிட்டயும், நிறைய இடத்துல அந்த டீம்லயே வேலை பாக்கற அனலிஸ்ட், அசோசியேட் (ஆரம்ப நிலை பதவில இருக்கறவங்க) கிட்டயும் போகும். அவங்களுக்கு இது எக்ஸ்ட்ரா வேலை. காலைக்குள்ள ஒரு பிட்ச் புக் (கிளையன்ட்டுக்கு காட்டற ஸ்லைடு தொகுப்பு) முடிச்சாகணும்னு உக்காந்திருப்பாங்க, நடுவுல ஒரு கட்டு ரெஸ்யூம் வந்து நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் அரை நிமிஷம் குடுத்தாலே பெரிசு. கண்ணு போற வழியும் ஏறக்குறைய ஒண்ணு தான்: காலேஜ், டிகிரி, மார்க், எந்த வருஷம் முடிக்கறீங்க, அப்புறம் வேலை பாத்த கம்பெனி பேரு, பதவி, அதுல ஏதாவது ஒண்ணு கண்ண நிறுத்துச்சுன்னா அதுக்கு கீழ இருக்கற முதல் புல்லட்.

அதே பேப்பர இன்டர்வியூல இன்னொரு தடவை படிப்பாங்க, அப்ப நிதானமா. ஒரு வரில விரல வெச்சு "இது என்ன, கொஞ்சம் சொல்லுங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. அதாவது உங்ககிட்ட என்ன கேள்வி கேக்கணும்னு நீங்களே எழுதிக் குடுக்கற லிஸ்ட் தான் ரெஸ்யூம். அதனால கீழ நான் சொல்ற எல்லாத்துக்கும் அளவுகோல் ஒண்ணே ஒண்ணு: இந்த வரிய அஞ்சு நிமிஷம் குடஞ்சு கேட்டா தாங்குமா? தாங்காதுன்னா அது எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் எடுத்துடுங்க.

எப்ப ரெடியா இருக்கணும்? ஃபைனல் இயர்ல பாத்துக்கலாமா?

ஃபைனல் இயர் வரைக்கும் காத்திருந்தா பஸ் போயிடும். அமெரிக்கால சம்மர் அனலிஸ்ட்னு சொல்ற ஏறக்குறைய பத்து வார இன்டர்ன்ஷிப், நாலு வருஷ டிகிரில மூணாவது வருஷம் முடிஞ்சு வர்ற லீவுல நடக்கும், ஆனா அதுக்கு ஆள் எடுக்கறது இப்பல்லாம் ரெண்டாவது வருஷத்துலயே, அதாவது சேர்றதுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடியே முடிஞ்சிடுது. லண்டன்ல கொஞ்சம் மூச்சு விடலாம், அடுத்த வருஷ சம்மருக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல ஃபார்ம் திறப்பாங்க. ஆனா அங்க நிறைய பேங்க் அப்ளிகேஷன் வர வர பாத்துட்டே இடத்த நிரப்பிடும், அதனால கடைசி தேதிய நம்பி உக்காந்திருக்காதீங்க. முதல் வருஷ பசங்களுக்கு ஸ்ப்ரிங் வீக்னு ஒண்ணு வெப்பாங்க, ஒண்ணு ரெண்டு வாரம் தான், ஆனா அதுல நல்ல பேரு எடுத்தா அடுத்த சம்மருக்கு நேரா கூப்பிடறதும் உண்டு. யூரோப்ல இது போக மூணு மாசம், ஆறு மாசம்னு ஆஃப்-சைக்கிள் இன்டர்ன்ஷிப் வருஷம் பூரா வந்துட்டு இருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நீங்க அப்ளை பண்றப்ப கைல இருக்கறது ஒண்ணு ஒன்றரை வருஷ காலேஜ் வாழ்க்கை தான். எல்லாருக்கும் அதே கதி தான். அதனால முதல் வருஷ லீவுல பண்ண சின்ன வேலை கூட அங்க முக்கால்வாசி இடத்த பிடிக்கும்.

ஃபார்மேட் எப்படி? கேன்வால கலர் கலரா ஒரு டெம்ப்ளேட் இருக்கே?

வேணாம். ஒரே பக்கம், கருப்பு எழுத்து, வெள்ளை பேப்பர், பக்கத்த ரெண்டா பிரிக்காம ஒரே நெடுவரிசை. டைம்ஸ் நியூ ரோமன், கேரமண்ட், காலிப்ரி இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு, 10ல இருந்து 11 சைஸ், மார்ஜின் அரை இன்ச்சுக்கு கீழ போகாம. மேல பேரு, ஃபோன், மெயில், அப்புறம் படிப்பு, வேலை அனுபவம், லீடர்ஷிப்போ காலேஜ் ஆக்டிவிட்டியோ, கடைசியா ஸ்கில்ஸ், மொழி, இன்ட்ரஸ்ட். ஒவ்வொரு பகுதிலயும் புதுசு மேல, பழசு கீழ. தேதி எல்லாம் வலது பக்கம் ஒரே கோட்டுல. அனுப்பறது பிடிஎஃப்ல.

ஸ்கில்லுக்கு அஞ்சு ஸ்டார்ல நாலு ஸ்டார் போடற டிசைன், ப்ரோகிரஸ் பார், ஐகான் இதெல்லாம் இந்த ஃபீல்டுல சிரிப்பா தான் பாப்பாங்க. அமெரிக்கா, இங்கிலாந்துக்கு ஃபோட்டோவும் பிறந்த தேதியும் போடக்கூடாது, ஜெர்மனி மாதிரி சில நாட்டுல மட்டும் ஃபோட்டோ வெக்கற பழக்கம் இன்னும் இருக்கு.

இன்னொன்னு, இந்த வேலையோட பாதி, ஸ்லைடுல ஒரு பாக்ஸ் கால் சென்டிமீட்டர் தள்ளி இருக்கறத கண்டுபிடிக்கறது தான். அத தினமும் பண்றவங்க உங்க ரெஸ்யூம பாக்கறப்போ ஒரு இடத்துல "ஜூன்"னு முழுசா, இன்னொரு இடத்துல மூணெழுத்து சுருக்கம், ஒரு புல்லட் முடிவுல புள்ளி, இன்னொண்ணுல இல்ல, இதெல்லாம் தானா கண்ணுல குத்தும். முழு ரெஸ்யூமையும் ஒரு தடவை கீழ இருந்து மேல, கடைசி வரில ஆரம்பிச்சு படிங்க. அர்த்தத்துல மனசு போகாது, எழுத்து மட்டும் தெரியும்.

மேல "அப்ஜெக்டிவ்"னு ரெண்டு வரி போடணுமா?

வேணாம். இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்றவருக்கு இன்டர்ன்ஷிப் வேணும்னு அவங்களுக்கு தெரியும்.

ஜிபிஏ (மொத்த மார்க் சராசரி) கம்மி. போடாம விட்டுடலாமா?

அமெரிக்க காலேஜ்ல 4க்கு 3.5ங்கறது தான் பொதுவா பேசிக்கற கோடு, பெரிய பேங்க்னா அதுக்கும் மேல எதிர்பாப்பாங்க. 3.5 தாண்டிட்டா யோசிக்காம போடுங்க. அதுக்கு கொஞ்சம் கீழ இருந்தாலும் போடறது தான் நல்லதுன்னு நான் சொல்வேன், ஏன்னா போடலன்னா படிக்கறவர் உண்மைய விட மோசமா தான் கற்பனை பண்ணிக்குவார், அதுவும் இல்லாம ஆன்லைன் ஃபார்ம்ல எப்படியும் கேப்பாங்க. உங்க மேஜர் பாடத்துல மட்டும் மார்க் நல்லா இருந்தா அத பக்கத்துல தனியா காட்டலாம், ஆனா மொத்தத்த மறைச்சுட்டு அத மட்டும் போடக்கூடாது.

3.46 இருக்கு, 3.5னு போடலாமான்னு கேக்காதீங்க. 3.46னு போடுங்க. மார்க்‌ஷீட் கேக்கறப்ப உங்க நம்பரும் அதுல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும், அந்த நேரத்துல ரவுண்டிங் பத்தி வாதாட முடியாது. பத்துக்கு சிஜிபிஏ, இல்ல பர்சன்டேஜ் குடுக்கற யுனிவர்சிட்டில படிச்சா அத அப்படியே போடுங்க, நீங்களா 4க்கு மாத்தாதீங்க. கிளாஸ்ல ரேங்க் நல்லா இருந்தா அதையும் சேத்துக்கங்க, வெளிநாட்டு ஸ்கேல் புரியாதவங்களுக்கும் அது புரியும்.

மார்க் நிஜமாவே கீழ இருந்தா ரெஸ்யூம எவ்வளவு இழைச்சாலும் கோல்ட்மேன் சாக்ஸ், மோர்கன் ஸ்டான்லி கதவு ஃபார்ம் வழியா திறக்கறது கஷ்டம். சின்ன பூட்டிக் பேங்க் (டீலுக்கு ஆலோசனை சொல்ற சின்ன நிறுவனம்), சின்ன பிரைவேட் ஈக்விட்டி ஃபண்ட் (கம்பெனிகள வாங்கி வளத்து விக்கற ஃபண்ட்), இல்லன்னா டெலாய்ட், ஈஒய், கேபிஎம்ஜி, பிடபிள்யூசி மாதிரி பெரிய ஆடிட் நிறுவனங்கள்ல இருக்கற வேல்யுவேஷன் (கம்பெனிக்கு மதிப்பு போடறது), டிரான்சாக்‌ஷன் டீம், இந்த வழியா உள்ள போய் அனுபவத்த முன்னாடி வெச்சு மேல ஏறறது தான் நடைமுறை.

ஃபைனான்ஸ் அனுபவமே இல்ல. கடைல நின்னேன், ட்யூஷன் எடுத்தேன், காலேஜ் ஃபெஸ்ட்டுக்கு கணக்கு பாத்தேன், அவ்வளவு தான். என்ன எழுதறது?

அதையே எழுதுங்க. ஆனா எழுதற விதம் தான் எல்லாமே. ஃபெஸ்ட் பொருளாளர் உதாரணத்தையே எடுத்துக்கலாம், நம்பர் எல்லாம் சும்மா உதாரணத்துக்கு.

வழக்கமா வர்ற வரி: "கல்லூரி விழாவின் பொருளாளராக நிதி விஷயங்களுக்குப் பொறுப்பு வகித்தேன்." இதுல ஒண்ணுமே இல்ல. பொறுப்பு இருந்துச்சு சரி, என்ன பண்ணீங்க?

மாத்தி எழுதினா: "மூன்று நாள் விழாவின் 14,000 டாலர் பட்ஜெட்டை எக்ஸெலில் நிர்வகித்தேன், 9 சப்ளையர்களிடம் விலை வாங்கி ஒப்பிட்டு, மேடை மற்றும் ஒலி செலவை முந்தைய ஆண்டைவிட 18% குறைத்தேன்."

இப்ப இதுல விரல வெச்சு கேக்கலாம். 18% எப்படி வந்துச்சு, போன வருஷமும் அதே அளவு மேடை தானா, விலைய குறைக்க என்ன விட்டுக் குடுத்தீங்க, பணம் பத்தாம போற மாதிரி ஆச்சுன்னா என்ன பிளான் வெச்சிருந்தீங்க? இதுக்கெல்லாம் உங்ககிட்ட பதில் இருக்கும், ஏன்னா நிஜமா பண்ணது. இந்த மாதிரி பேசறவன நம்பி ஒரு எக்ஸெல் ஃபைல குடுக்கலாம்னு எதிர்ல இருக்கறவருக்கு தோணும், இன்டர்ன் கிட்ட அவங்க தேடறதே அது தான்.

கடை வேலைன்னா ஷிஃப்ட் முடிவுல கல்லா கணக்கு சரி பாத்தது, படிச்சுட்டே வாரம் எத்தன மணி நேரம் வேலை பாத்தீங்கங்கறது, புது ஆளுக்கு வேலை சொல்லிக் குடுத்தது. படிப்போட வாரம் இருபது மணி நேரம் வேலையும் பாத்தவன்னா அது ஒரு சுமாரான ஜிபிஏவையும் வேற வெளிச்சத்துல காட்டும், இத நிறைய பேர் வெக்கப்பட்டு மறைச்சுடறாங்க. வீட்டு பிசினஸ்ல கணக்கு பாத்திருந்தா அதுவும் வேலை தான். ஆனா பதவிக்கு "இயக்குநர்"னு போட்டுக்காதீங்க.

எல்லா புல்லட்லயும் நம்பர் இருக்கணும்னு சொல்றாங்களே?

இருந்தா நல்லது, இல்லாத இடத்துல திணிக்காதீங்க. "டீமோட செயல்திறன 30% கூட்டினேன்"னு ஒரு வரி எல்லா ரெஸ்யூம்லயும் வருது, செயல்திறன எத வெச்சு அளந்தீங்கன்னு கேட்டா அங்கயே நின்னுடும். நம்பர்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு விளைவு: எவ்வளவு மிச்சம், எவ்வளவு கூடுச்சு. இன்னொண்ணு அளவு: எத்தன கம்பெனி, எத்தன வருஷ டேட்டா, எவ்வளவு பட்ஜெட், எத்தன பேர் டீம். முதல் வகை கிடைக்காட்டி ரெண்டாவது வகை எப்பவும் கிடைக்கும், அது பொய்யாகவும் வாய்ப்பு கம்மி.

வினைச்சொல் விஷயத்துல, "ஹெல்ப்டு", "அசிஸ்டட்", "ரெஸ்பான்சிபிள் ஃபார்" இந்த மூணுல ஆரம்பிக்கற புல்லட்ட எல்லாம் எடுத்து வெச்சு, நான் கைப்பட பண்ணது எதுன்னு கேட்டு மாத்துங்க. உதவி பண்ணதுன்னா என்ன உதவி? அட்டவணை போட்டீங்களா, டேட்டா தேடினீங்களா, ஸ்லைடு செஞ்சீங்களா? அது சின்ன வேலையா இருந்தாலும் அதுவே மேல்.

இன்வெஸ்ட்மென்ட் கிளப்ல இருக்கேன். ஸ்டாக் பிட்ச் (ஒரு ஷேர வாங்கலாமா வேணாமான்னு எடுத்துச் சொல்றது) பண்ணத எப்படி எழுதறது?

"வாராந்திர கூட்டங்களில் பங்கேற்று சந்தையைப் பற்றி விவாதித்தேன்" இத வெட்டிடுங்க, கூட்டத்துக்கு போறது சாதனை இல்ல. எந்த துறை கம்பெனி, எந்த முறைல வேல்யூ பண்ணீங்க, எத்தன கம்பெனியோட ஒப்பிட்டீங்க, என்ன முடிவு சொன்னீங்க, கிளப்போட கமிட்டி என்ன பண்ணுச்சு, இந்த அஞ்சும் ரெண்டு வரில வரணும். கமிட்டி வேணாம்னு சொல்லிருந்தாலும் எழுதலாம். எந்த கேள்வில மாட்டினீங்கன்னு சொல்றது இன்டர்வியூல பெரும்பாலும் நல்ல பேச்சா போகும்.

ஒரு எச்சரிக்கை. டிசிஎஃப்னு (வருங்கால கேஷ இன்னிக்கு மதிப்புக்கு மாத்தி கம்பெனிய வேல்யூ பண்ற முறை) எழுதிட்டா, அப்படி மாத்த டிஸ்கவுன்ட் ரேட் எவ்வளவு வெச்சீங்க, ஏன், டெர்மினல் வேல்யூ (கணிச்ச வருஷங்களுக்கு அப்புறம் வர்ற மதிப்பு) மொத்த வேல்யூல எத்தன சதவீதம்னு கேப்பாங்க. ஞாபகம் இல்லன்னா பழைய ஃபைல தேடி எடுத்து படிச்சுட்டு போங்க.

சொந்தமா ஒரு டீல் அனாலிசிஸ் பண்ணி ப்ராஜெக்ட்னு போடலாமா? அதுக்கு மதிப்பு இருக்கா?

ஃபைனான்ஸ் வேலை கிடைக்காத முதல் ரெண்டு வருஷத்துல நீங்க பண்ணக்கூடியதுல இது தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா இதுக்கு யாரோட அனுமதியும் வேணாம், காசும் வேணாம். ஆனா "ப்ராஜெக்ட்ஸ்"ங்கற தலைப்புல தான் போடணும், அனுபவம்ங்கற தலைப்புல இல்ல.

முடிஞ்சு போன ஒரு பெரிய டீல எடுங்க. உதாரணமா மைக்ரோசாஃப்ட், கேம் கம்பெனியான ஆக்டிவிஷன் ப்ளிஸார்ட வாங்கினது. 2022 ஜனவரி 18ல அறிவிச்சாங்க, ஒரு ஷேருக்கு 95 டாலர், முழுக்க கேஷ். அறிவிப்புக்கு முந்தின வேலை நாள் ஆக்டிவிஷன் ஷேர் 65.39 டாலர்ல முடிஞ்சிருந்துச்சு. 95ஐ 65.39ஆல வகுத்தா 1.45 வரும், அதாவது மார்க்கெட் விலைய விட ஏறக்குறைய 45% கூட, இது தான் பிரீமியம். அறிவிப்புல சொன்ன டீல் மதிப்பு 68.7 பில்லியன் டாலர். ஆனா டீல் முடிஞ்சதுக்கு அப்புறம் மைக்ரோசாஃப்ட் ஆண்டறிக்கைல பாத்தா மொத்த விலை 75.4 பில்லியன்னு இருக்கும். ஒரே டீலுக்கு ஏன் ரெண்டு நம்பர்? ஆக்டிவிஷன் கைல கடன விட கேஷ் நிறைய இருந்துச்சு, 68.7ங்கறது அந்த நிகர கேஷ கழிச்சுட்டு சொன்ன நம்பர், மத்தது ஷேர்காரங்களுக்கு குடுத்த முழு விலை. என்டர்ப்ரைஸ் வேல்யூ (நிகர கேஷ கழிச்சது), ஈக்விட்டி வேல்யூ (ஷேர்காரங்களோட முழு மதிப்பு) வித்தியாசம் என்னன்னு இன்டர்வியூல கேக்காம விடமாட்டாங்க, அத இந்த ஒரு உதாரணத்துலயே சொல்லிடலாம், புத்தகத்துல இருக்கற ஃபார்முலாவ ஒப்பிக்கறத விட இது எவ்வளவோ மேல்.

அதோட நிக்காது அந்த டீல். 2022 டிசம்பர்ல அமெரிக்க போட்டி கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி கேஸ் போட்டுச்சு, 2023 ஏப்ரல்ல இங்கிலாந்து போட்டி ஆணையம் தடுத்துச்சு, கிளவுட் கேமிங் உரிமைய இன்னொரு கேம் கம்பெனியான யூபிசாஃப்ட்டுக்கு குடுக்கற மாதிரி டீல மாத்தி அமைச்சு 2023 அக்டோபர் 13ல தான் முடிச்சாங்க. நடுவுல அந்த ஷேர் ஏன் 95க்கு ரொம்ப கீழயே ஓடிட்டு இருந்துச்சுன்னு யோசிச்சீங்கன்னா ரிஸ்க்குக்கு மார்க்கெட் எப்படி விலை போடுதுன்னு தானா புரியும்.

இதுக்கான பேப்பர் எல்லாம் அமெரிக்க பங்குச் சந்தை கண்காணிப்பு அமைப்பான எஸ்இசியோட எட்கர் தளத்துல இலவசம். 10-கே ஆண்டறிக்கை, 8-கே அறிவிப்பு, ஷேர்காரங்க ஓட்டு போட அனுப்பற ப்ராக்ஸி ஸ்டேட்மென்ட். அந்த ப்ராக்ஸில யாரு யாருக்கு முதல்ல ஃபோன் பண்ணாங்க, பேச்சு எப்படி போச்சுங்கற கதையும், ஆலோசகரா இருந்த பேங்க் போட்ட வேல்யுவேஷன் சுருக்கமும் இருக்கும். படிக்க கதை மாதிரி இருக்கும், நிஜமா. வேல்யுவேஷன் அடிப்படை கத்துக்க நியூயார்க் யுனிவர்சிட்டி ஸ்டெர்ன் ப்ரொஃபசர் அஸ்வத் தாமோதரன் தன் கிளாஸையும் டேட்டாவையும் இலவசமா போட்டு வெச்சிருக்கார், காசு குடுத்து கோர்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி அத பாத்துடுங்க.

ரெஸ்யூம்ல இது ரெண்டே வரி தான் வரும்: எந்த டீல், என்ன மாடல் (எக்ஸெல் கணக்கு) போட்டீங்க, பிரீமியமும் மல்டிபிளும் (வருமானத்துக்கோ லாபத்துக்கோ விலை எத்தன மடங்கு) எவ்வளவு வந்துச்சு, உங்க முடிவு என்ன.

சின்ன பூட்டிக்ல இன்டர்ன் பண்ணேன். டீல் விவரம் எவ்வளவு எழுதலாம்?

வெளிய அறிவிச்ச டீல்னா பேர் போடலாம், அதுக்கும் ஒரு வார்த்தை மேனேஜர் கிட்ட கேட்டுக்கங்க. அறிவிக்காததுன்னா பேரு கூடவே கூடாது, அந்த டீலுக்கு உள்ள வெச்ச கோட் நேமும் வேணாம். "ஆண்டு வருமானம் சுமார் 50 மில்லியன் டாலர் உள்ள ஹெல்த்கேர் சாஃப்ட்வேர் நிறுவன விற்பனை" இப்படி அடையாளம் தெரியாத அளவுக்கு எழுதுங்க. சின்ன துறைல அதுவே யாருன்னு காட்டிக் குடுக்கும்னா இன்னும் பொதுவாக்குங்க. ரகசியத்த ரெஸ்யூம்லயே ஓட விடறவன் நாளைக்கு நம்ம கிளையன்ட் விஷயத்தையும் வெளிய விடுவான்னு தான் படிக்கறவர் நினைப்பார், அதோட முடிஞ்சுது.

அப்புறம், அங்க மூணு மாசமும் கம்பெனி லிஸ்ட் தான் போட்டீங்கன்னா அதையே நல்லா எழுதுங்க: என்ன அளவுகோல் வெச்சு எத்தன கம்பெனிய வடிகட்டினீங்க, அதுல எத்தன கிளையன்ட் கிட்ட போச்சு. மாடல் கட்டினேன்னு எழுதிட்டு அங்க ஏற்கனவே இருந்த மாடல்ல நம்பர் மட்டும் மாத்தினது தெரிஞ்சா சங்கடம்.

சிஎஃப்ஏ, எஸ்ஐஇ, மாடலிங் சர்ட்டிஃபிகேட், ஆன்லைன் ஜாப் சிமுலேஷன், இதுல எது உருப்படி?

தனித்தனியா சொல்றேன். சிஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்ட்டிஃபிகேட்) லெவல் 1 நிஜமாவே கஷ்டமான பரீட்சை, வழக்கமா எழுதறவங்கள்ல பாதிக்கும் கம்மியான பேர் தான் பாஸ் ஆவாங்க, அதனால பாஸ் ஆனா மரியாதை உண்டு. டிகிரி முடிய 23 மாசமோ அதுக்கு உள்ளயோ இருந்தா ஸ்டூடன்ட்டா எழுதலாம். ஆனா இது ஃபண்ட் மேனேஜ்மென்ட் பக்கம் சாய்ஞ்ச படிப்பு, பேங்கிங் இன்டர்ன்ஷிப்புக்கு இது கட்டாயம்னு யாரும் கேக்கறதில்ல, இதுக்காக ஜிபிஏ அடிபட்டா நஷ்டம் தான்.

எஸ்ஐஇ அமெரிக்கால ஷேர் புரோக்கர் நிறுவனங்கள கண்காணிக்கற ஃபின்ரா நடத்தற அறிமுக பரீட்சை. 18 வயசு ஆயிருந்தா போதும், கம்பெனி ஸ்பான்சர் வேணாம், மதிப்பெண் உள்ள 75 கேள்வி, 1 மணி 45 நிமிஷம், 70 எடுத்தா பாஸ், ரிசல்ட் 4 வருஷம் செல்லும். அமெரிக்கா போறதா இருந்தா மட்டும் யோசிக்கலாம், சின்ன ப்ளஸ் தான்.

மாடலிங் கோர்ஸ் சர்ட்டிஃபிகேட்டுக்கு தனி மதிப்பு பெரிசா இல்ல, கத்துக்கிட்டத வெச்சு ஒரு மாடல் போட்டீங்கன்னா அந்த மாடலுக்கு தான் மதிப்பு. இல்லன்னா ஏட்டுச் சுரைக்காய் தான். ப்ளூம்பெர்க் மார்க்கெட் கான்செப்ட்ஸ்ங்கற ஆன்லைன் கோர்ஸும் அப்படியே, ஒரு வரில ஸ்கில்ஸ் பகுதில போட்டுட்டு போங்க.

ஃபோரேஜ் மாதிரி தளத்துல பேங்க் பேர்ல வர்ற ஜாப் சிமுலேஷன் கத்துக்க நல்லது. ஆனா அத வேலை அனுபவத்துக்கு கீழ, பேங்க் பேர கொட்டை எழுத்துல போட்டு "இன்டர்ன்"னு எழுதறாங்க பாருங்க, அது நேரடி பொய். அந்த பேங்க்லயே வேலை பாக்கறவர் கைக்கு போச்சுன்னா ரெண்டு செகண்டுல பிடிச்சுடுவார்.

ஸ்கில்ஸ் பகுதில என்ன போடறது?

எக்ஸெல், பவர்பாயின்ட், நிஜமா தொட்டிருந்தா கேபிடல் ஐக்யூ, ஃபேக்ட்செட், ப்ளூம்பெர்க் மாதிரி ஃபைனான்ஸ் டேட்டா தளங்கள். "எக்ஸெல் எக்ஸ்பர்ட்"ங்கற வார்த்தைய விட்டுடுங்க, அந்த பக்கம் மவுஸ தொடாம எக்ஸெல் ஓட்டறவங்க உக்காந்திருக்காங்க. டீம்வொர்க், கம்யூனிகேஷன், கடின உழைப்பு இதெல்லாம் ஸ்கில்ஸ்ல வேணாம். மொழிகள உண்மையான லெவல்ல போடுங்க. பிரெஞ்ச் ஃப்ளுயன்ட்னு போட்டா எதிர்ல இருக்கறவர் பிரெஞ்ச்லயே அடுத்த கேள்விய கேக்கலாம், அப்படி நடக்கறது உண்டு. தாய்மொழி தமிழையும் தைரியமா போடுங்க.

இன்ட்ரஸ்ட்ஸ் வரி தேவையா?

கண்டிப்பா தேவை, ஒரே வரி. "ரீடிங், மியூசிக், ட்ராவல்"னு போட்டா காலி இடம் விட்டதுக்கு சமம். எந்த மாதிரி புக்கு, எந்த வாத்தியம் எத்தன வருஷமா, எந்த தூரம் ஓட்டம்னு குறிப்பா சொல்லுங்க. ராத்திரி பகலா கூட உக்காரப் போற ஆளு எப்படின்னு பாக்கறதுக்கு அவங்களுக்கு கிடைக்கற ஒரே வரி இது, எத்தனையோ இன்டர்வியூ இதுல தான் சூடு பிடிக்குது. செஸ்னு போட்டா ஓப்பனிங் ரெண்டு தெரிஞ்சிருக்கணும், இதுக்கும் அதே அஞ்சு நிமிஷ விதி தான்.

சாட்ஜிபிடி வெச்சு எழுதினா கண்டுபிடிச்சுடுவாங்களா?

கண்டுபிடிக்கறாங்களோ இல்லையோ, அது எழுதறது எல்லாம் ஒரே குரல்ல இருக்கும், இல்லாத சதவீதத்த அதுவே போட்டு வெக்கும், அது தான் நிஜ ஆபத்து. இலக்கணம் பாக்க, நீளத்த குறைக்க பயன்படுத்துங்க. பழைய இன்டர்ன்ஷிப்போட ரகசிய விவரத்த அதுல ஒட்டாதீங்க. மெஷின் தேடற கீவேர்ட பத்தி ரொம்ப பயப்பட வேணாம், வேல்யுவேஷன், ஃபைனான்சியல் மாடலிங்னு நீங்க பண்ணத அதோட சரியான பேர்ல சொன்னாலே போதும். பிடிஎஃப்ல இருக்கறத எல்லாம் காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க, வரி மாறாம வந்தா மெஷினும் படிச்சுக்கும்.

பேங்க்காரங்க வந்து ஆள் எடுக்கற காலேஜ் இல்ல என்னோடது. ரெஸ்யூம் நல்லா இருந்தா போதுமா?

போதாது, கசப்பா இருந்தாலும் சொல்லித் தான் ஆகணும். டார்கெட் காலேஜ்னு அவங்க வெச்சிருக்கற லிஸ்ட்ல இல்லன்னா, உள்ள இருக்கற யாராவது "இந்த பையன பாருங்க", "இந்த பொண்ண பாருங்க"ன்னு எடுத்துக் குடுத்தா தான் பெரும்பாலும் படிக்கவே படிப்பாங்க. உங்க காலேஜ்ல படிச்சு அங்க போன சீனியர்கள லிங்க்ட்இன்ல தேடி மெயில் போடுங்க. அஞ்சு வரி: யாரு நீங்க, அவரோட பாதைல எது உங்கள இழுத்துச்சு, பதினஞ்சு நிமிஷம் ஃபோன்ல பேச முடியுமா. வேலை குடுங்கன்னு கேக்காதீங்க, ரெஸ்யூம மட்டும் இணைச்சு விடுங்க. பத்து பேருக்கு போட்டா ஒருத்தர் ரெண்டு பேர் பதில் போடலாம், ஒரு வாரம் கழிச்சு மரியாதையா ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம். பெரிய பேங்க் மட்டும் இல்லாம எவர்கோர், லஸார்ட், மொய்லிஸ் மாதிரி முக்கியமா டீல் ஆலோசனை பண்ற இடங்களையும், பேரே கேள்விப்படாத அஞ்சு பத்து பேர் உள்ள பூட்டிக்கையும் லிஸ்ட்ல சேருங்க, சின்ன இடத்துல மெயில பார்ட்னரே நேரா படிப்பார்.

கொஞ்சம் மிகைப்படுத்தினா என்ன? எல்லாரும் பண்றாங்களே.

ஆஃபர் வந்ததுக்கு அப்புறம் தான் பேக்ரவுண்ட் செக் நடக்கும். தேதி, பதவி, டிகிரி, மார்க் இதெல்லாம் வெளி ஏஜென்சி சரி பாக்கும், ஒத்துப் போகலன்னா கைக்கு வந்த ஆஃபர் போயிடும். ரெண்டு மாசம் பாத்த வேலைய நாலு மாசம்னு போட்டு இந்த ரிஸ்க் எடுக்கறது எனக்கு இன்னிக்கும் புரியல.

கவர் லெட்டர்?

அமெரிக்கால பெரும்பாலும் சீண்டறதில்ல, லண்டன்லயும் யூரோப்லயும் கொஞ்சம் பாப்பாங்க. கேட்டா மட்டும், ஒரு பக்கத்துக்குள்ள. பேங்க் பேர மாத்த மறந்து அடுத்த பேங்க்குக்கு அனுப்பறது தான் இதுல நடக்கற பெரிய விபத்து.

சப்மிட் பண்ணிட்டேன். இப்ப பாத்தா ஒரு ஸ்பெல்லிங் தப்பு. என்ன பண்றது?

போர்ட்டல்ல திருத்த விட்டா உடனே மாத்திடுங்க. விடலன்னா அத நீங்களே மெயில் போட்டு காட்டிக் குடுக்க வேணாம், சின்ன தப்பு கண்ணுல படாமலே கூட போகலாம். ஆனா தப்பு மார்க்லயோ தேதிலயோ டிகிரி முடியற வருஷத்துலயோ இருந்தா கதை வேற, அன்னிக்கே ரிக்ரூட்டருக்கு ரெண்டு வரில சொல்லி திருத்தின பிடிஎஃப்ப அனுப்பிடுங்க. இன்டர்வியூ நாளைக்கு திருத்தின காப்பி ரெண்டு மூணு பிரின்ட் எடுத்து கைல வெச்சுக்கங்க.